நாலாம் ரீலுக்கு முந்தி ஓடிய ஐந்தாம் ரீல்

1

மூன்று சனிக்கிழமைகளாக நல்லதம்பி வரவில்லை.

இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் கோவில்பட்டியிலிருந்து எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். "நீங்கள் கொழும்புக்குப் போய் இருபது வருஷம் ஆகிறதாமே, அந்த நாட்டு வாழ்க்கையைப் பற்றி நம்மூர்க்காரர்களுக்குச் சுவையாக நாலு பக்கம் எழுதுங்கள். முத்து, தேயிலை, யானை எல்லாம் வரட்டும்" என்று கேட்டிருந்தார். முத்து வாங்க எனக்கு வக்கில்லை. தேயிலையைத் தேத்தண்ணிக் கடைக் கிளாசில்தான் பார்த்திருக்கிறேன். யானையைப் பார்க்கக் கண்டிக்குப் போகவேண்டும், போகவில்லை. இருபது வருஷமாக நான் பார்த்ததெல்லாம் சினிமாப் படப்பெட்டிகளையும் நல்லதம்பியையும்தான். எனவே அதைத்தான் எழுதுகிறேன். வேண்டாமென்றால் ஆசிரியர் குப்பையில் போடட்டும். நானும் இப்போது சுவையாக எழுதும் மனநிலையில் இல்லை.

நல்லதம்பி யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். கந்தோர் என்றால் ஆபீஸ். இப்படி எதையாவது விளக்கிக்கொண்டே எழுதுவதும் ஒரு தொல்லை. அவர் வீடு வெள்ளவத்தையில், கடற்கரை ரயில்பாதைக்கு நூறு அடி தள்ளி. என் வீடு கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்தில். தோட்டம் என்றதும் மாமரமும் கிணறும் நினைத்துக்கொள்ளாதீர்கள். இங்கே தோட்டம் என்றால் ஒரே குழாயடியில் சண்டை போடும் பதினாறு வீடுகள். மரம் ஒன்றுகூடக் கிடையாது. முதல் கடிதத்தில் நான் "தோட்டத்தில் குடியிருக்கிறேன்" என்று எழுதியதைப் படித்து என் சித்தப்பா ஊரெல்லாம் "பயல் அங்கே நிலம் வாங்கிவிட்டான்" என்று சொல்லிவைத்தார். அதை நம்பி இன்றும் ஆட்கள் என்னிடம் உதவி கேட்டு எழுதுகிறார்கள்.

சனிக்கிழமை கந்தோர்கள் அரைநாள். பத்து வருஷமாக, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நல்லதம்பி கோட்டை ஸ்டேஷனுக்கு ரயிலேறி, அங்கிருந்து குடையும் கையுமாக நடந்து என் வீட்டுக்கு வருவார். ஒரு வாரம் கொட்டாஞ்சேனையில் தமிழ்ப்படம். மறுவாரம் பட்டணத்தில் இங்கிலீஷ் படம். படம் முடிந்தால் தேத்தண்ணிக் கடை. அங்கே அவர் பேசுவார், நான் எரிச்சல்படுவேன். யுத்தத்தில் குண்டு விழுந்த வாரத்தில்கூட இது நின்றதில்லை. இப்போது நின்றுவிட்டது. நிறுத்தியவன் நான்.

2

என் வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். காதர் முதலாளி என்று ஒருவர். மதராசிலிருந்தும் பம்பாயிலிருந்தும் படங்களைத் தருவித்து இங்கே ஓட்டுகிறவர். அவரிடம் நான் குமாஸ்தா. கப்பலில் வரும் படப்பெட்டிகளைச் சுங்கத்தில் மீட்டு, அனுமதி வாங்கி, கொட்டகையில் சேர்ப்பது என் பொறுப்பு.

சுங்கத்தில் ஒவ்வொரு படத்துக்கும் கதைச்சுருக்கம் இங்கிலீஷில் மூன்று பிரதி கொடுக்கவேண்டும். படத்தில் அரசாங்கத்துக்கு விரோதமாக ஏதும் உண்டா, மதத்துக்கு விரோதமாக ஏதும் உண்டா என்று கேள்வி. பதினெட்டுப் பாட்டு உண்டு, வேறொன்றும் இல்லை என்று உண்மையை எழுதினால் ஏற்கமாட்டார்கள். ஒரு தடவை நாரதர் வரும் படத்துக்கு, "இந்த நாரதர் எந்த நாட்டுப் பிரஜை?" என்று கேட்டுப் பெட்டியை ஒன்பது நாள் வைத்துக்கொண்டார் ஒரு துரை. மூவுலகவாசி என்று எழுதிக்கொடுத்தேன். அதற்குமேல் நான்கு நாள் ஆயிற்று.

வீட்டுக்கு வந்தால் மகள். பெயர் பார்வதி, பதினைந்து வயது. கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். என்னோடு பேசும்போது அரைகுறைத் திருநெல்வேலி, பக்கத்து வீட்டோடு யாழ்ப்பாணம், மீன்காரனோடு சிங்களம், கண்ணாடிக்கு முன்னால் நின்றால் இங்கிலீஷ். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டால் ஆமாம் என்பதற்கு "ஓம்" என்கிறாள். நல்லதம்பி இங்கிலீஷ் படத்தைப் பற்றிப் பேசினால் வாய்பிளந்து கேட்பாள். நான் தமிழ்ப்படத்தைப் பற்றிப் பேசினால் எழுந்துபோய்விடுவாள். என் மனைவி சொர்ணத்துக்கு இரண்டும் ஒன்றுதான். அவள் இடைவேளை வரைக்கும் பார்ப்பாள், பிறகு தூங்குவாள்.

3

நல்லதம்பியின் பேச்சு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி தருகிறேன். போன மாதம் மதராசிலிருந்து புதிதாக ஒரு படம் வந்தது. கதாநாயகியைப் பாம்பு கடிக்கும் கட்டம். கொட்டகையில் பெண்கள் விம்மினார்கள். நானும் கண்ணைத் துடைத்தேன், சொல்வதற்கு வெட்கமில்லை.

வெளியே வந்து தேத்தண்ணி சொன்னதும் ஆரம்பித்தார்.

"ஐசே, பாம்பு கடிச்சவள் ரெண்டு பாட்டுப் படிக்கிறாள். விஷம் ஏறாதோ?"

"அவ பதிவிரதைவே. அதான் ஏறல."

"அப்ப என்னத்துக்குச் செத்தவள்?"

"பாட்டு முடிஞ்சிட்டுல்லா."

"உமக்கு எல்லாம் பகிடியும் சிரிப்புமாக் கிடக்கு. வெளிநாட்டிலை ஊமைப்படக் காலத்திலையே, ஒரு சொல்லுக் கதைக்காமல், சனத்தை உலுக்கிப்போட்டாங்கள். ஒரு கை அசைவு. ஒரு கதவு. அவ்வளவுதான். நீங்கள் இன்னும் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறியள்."

'நீங்கள்' என்று அவர் சொன்னால் இந்தியாவிலுள்ள அத்தனை பேரையும் குறிக்கும். நான்தான் அவர்கள் எல்லாருக்கும் வக்கீலாக அங்கே உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருப்பேன்.

எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே படத்துக்கு வந்து நிற்பார். வடக்கு ஐரோப்பாவில் எடுத்த ஒரு பழைய ஊமைப்படம். ஒரு குடியானவ வாலிபன், ஒரு நிலக்கிழார், நிலக்கிழாரின் மகள். வாலிபனுக்கும் மகளுக்கும் கல்யாணம் முடிகிறது. கல்யாணம் முடிந்தபிறகு மாமனார் மேசைமேல் சீதனப் பத்திரத்தை நீட்டுகிறார். வாலிபன் அதை வாங்கி இரண்டாகக் கிழித்துவிட்டுச் சொல்கிறான்: "ஐயா! நான் கைப்பிடித்தது உங்கள் மகளை. உங்கள் வயலை அல்ல!"

இந்த வசனத்தை நல்லதம்பி சொல்லும்போது கண் கலங்கும். ஒவ்வொரு தடவையும்.

"யோசிச்சுப் பாரும். கலியாணம் முடிஞ்சாப் பிறகு கிழிக்கிறான். உம்மடை ஆக்கள் எடுத்தால் சீதனப் பேச்சை முதல் வைப்பினம், பிறகுதான் கலியாணம். இவன் ஒழுங்கை மாத்தி வைச்சிருக்கிறான் பாரும். முதலே கிழிச்சால் அது பேரம். தாலி ஏறினாப் பிறகு கிழிச்சால்தான் அது மனுசத்தனம். என்ன மூளை!"

"எங்க பாத்தேரு இதை?"

"கொழும்புக்கு வந்த புதுசிலை, உங்கை கொட்டாஞ்சேனைக் கூடாரத்திலைதான். படத்துக்குப் பக்கத்திலை ஒருத்தன் குழாயை வைச்சுக்கொண்டு கத்தினவன். கரகரத்த தொண்டை. படத்தைப் பழுதாக்கிற மாதிரி ஒரே கூச்சல். எண்டாலும் உள்ளதை உள்ளபடி மொழிபெயர்த்தான், அந்த மட்டிலை புண்ணியவான்."

அந்தக் கரகரத்த தொண்டைக்காரன் நான்.

4

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. காதர் முதலாளி கொட்டாஞ்சேனையில் கூடாரம் போட்டு ஊமைப்படம் காட்டினார். படத்தில் நடுநடுவே எழுத்து வரும், அதைப் படிக்கத் தெரியாத சனத்துக்கு ஒருவன் திரைக்குப் பக்கத்தில் நின்று தகர ஊதுகுழாயில் கதை சொல்லவேண்டும். அந்த வேலைக்கு என்னை வைத்தார். எனக்கு அப்போது இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத்தான் வரும். ஆனால் கோவில்பட்டிக் கோயில் வாசலில் கதாகாலட்சேபம் கேட்டு வளர்ந்த வாய். எந்தத் துரையைக் காட்டினாலும் அரைமணி நேரம் பேசுவேன்.

அந்த ஐரோப்பியப் படத்தைத் துறைமுகத்தில் ஒரு கப்பல்காரனிடம் முதலாளி மலிவாக வாங்கினார். ஆறு ரீல். அதில் வந்த எழுத்து இங்கிலீஷே அல்ல. யாருக்கும் தெரியாத ஏதோ பாஷை. முன்கூட்டி ஒரு தடவை ஓட்டிப் பார்க்கவும் நேரமில்லை. அன்று சாயங்காலமே காட்டினோம்.

மூன்று ரீல் சமாளித்தேன். பிறகு படத்தில் திடீரென்று கல்யாணம் நடந்தது. சரி, கல்யாணம் என்று வாழ்த்திவிட்டேன். அடுத்த ரீலில் அதே பெண் மறுபடியும் கன்னிப்பெண்ணாக ஜன்னலில் நிற்கிறாள். படம் ஓட்டுகிறவன் நாலாம் ரீலுக்கு முந்தி ஐந்தாம் ரீலைப் போட்டுவிட்டான் என்று புரிந்தது. முதலாளி இருட்டில் என் காதருகே வந்தார்.

"ரீலு மாறிப்போச்சு தம்பி. இப்ப நிப்பாட்டினா சனம் கல்லால அடிப்பாங்க. நீ வாயை மூடாமப் பேசு!"

பேசினேன். கல்யாணம் முடிந்த பெண் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்றேன். அவன் மாமனார் வீட்டுக்கு வருகிறான். மேசையில் ஒரு காகிதம். அவன் அதைப் பார்க்கிறான், முகம் சிவக்கிறது, கிழிக்கிறான். ஏன் கிழிக்கிறான் என்று எனக்கு எப்படித் தெரியும்? கல்யாணம் முடிந்த மருமகன் மாமனார் நீட்டும் காகிதத்தைக் கிழித்தால் அது சீதனமாகத்தான் இருக்கவேண்டும் என்று பட்டது. குழாயை வாயில் வைத்து அந்த வசனத்தை விட்டேன். கூடாரம் இரண்டு நிமிஷம் கைதட்டியது. கடைசி ரீலில் அவன் கிழவனாகிப் பெரிய வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். மனைவி இறந்துவிட்டாள், அவள் நினைவோடு வாழ்கிறான் என்று முடித்தேன். பெண்கள் அழுதுகொண்டே போனார்கள். முதலாளி எனக்குப் பிரியாணி வாங்கிக்கொடுத்தார்.

இதை நல்லதம்பியிடம் பழகிய முதல் வருஷமே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காரணம் நல்ல காரணமில்லை. தமிழ்ப்படத்து வசனத்தையெல்லாம் குப்பை என்று தள்ளுகிற மனிதர், என் வசனத்தை உலகத்தின் தலைசிறந்த வசனம் என்று எனக்கே சொல்கிறார். வாராவாரம் அதைக் கேட்க எனக்கு இனித்தது. அவர் என் ரசனையைத் திட்டும்போதெல்லாம் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். பிறகு அது சொல்லமுடியாததாகிவிட்டது.

5

சொல்லமுடியாமல் போனது ஒரு மாலையில், வெள்ளவத்தைக் கடற்கரைக் கற்களில் உட்கார்ந்திருந்தபோது. இது நடந்து நாலைந்து வருஷம் இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து அவருக்குத் தங்கையின் கடிதம் வந்திருந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, முதல்முறையாகச் சினிமா அல்லாத ஒன்றைப் பேசினார்.

அவருக்கு இரண்டு தங்கைமார். அவர் கல்யாணத்தில் வரும் சீதனத்தை வைத்துத்தான் அவர்களுக்குக் கொடுத்துக் கரையேற்றுவதென்று வீட்டில் ஏற்பாடு. அங்கே அநேக வீடுகளில் அப்படித்தான். பெண்வீட்டார் மனமுவந்து தர இருந்தார்கள். தாலி ஏறியது. சபையில் பெண்ணின் தகப்பனார் சீதனப் பத்திரத்தை நீட்டினார். நல்லதம்பி வாங்கினார்.

"கிழிச்சுப்போட்டன்" என்றார் கடலைப் பார்த்தபடி.

"கிழிச்சேரா? சபையிலயா?"

"ஓம். அந்த வசனத்தையும் சொன்னனான். மாமா கெட்டிக்காரன். மருமகனே வேண்டாமெண்டு சொல்லுறார் எண்டு எல்லாருக்கும் கேக்கச் சொல்லிப்போட்டு, காணியை மற்ற மகளுக்கு எழுதிப்போட்டார். அம்மா அண்டைக்கு என்னோடை கதையை விட்டவ. சாகுமட்டும் கதைக்கேல்லை."

மூத்த தங்கை இன்னும் கல்யாணமாகாமல் இருக்கிறாள். இளையவளை, மனைவி இறந்த ஒருவருக்கு, இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகக் கொடுத்தார்கள்.

"நான் செய்தது பிழையோ எண்டு கனநாள் யோசிச்சிருக்கிறன், சங்கரலிங்கம். மூத்தவளின்ரை கடிதம் வரேக்கையெல்லாம் யோசிக்கிறனான். பிறகு, உலகத்திலை எங்கையோ ஒரு பெரிய மனுசன் இதுதான் சரியெண்டு கண்டு படமே எடுத்திருக்கிறான், நான் ஒரு விசர்ப் பைத்தியம் இல்லை எண்டு ஆறுதல் வரும்."

எதிரே ரயில் போயிற்று. அது போகும்வரை பேசவேண்டியதில்லை என்று நிம்மதியாக இருந்தது. வாய்க்கு வந்ததை உளறிக் கைதட்டு வாங்கியவன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தான்.

6

இந்த வருஷம் வெள்ளவத்தையில் ஒரு வாசிகசாலைக்காரர்கள் பழைய உலகப் படங்களைக் காட்டுவதென்று தீர்மானித்தார்கள். தலைமை தாங்கித் தமிழில் விளக்கவுரை செய்ய நல்லதம்பியைக் கேட்டார்கள். அவர் எந்தப் படத்தைக் கேட்டிருப்பார் என்று சொல்லவேண்டுமா? வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் அந்த நடிகனின் முகத்தைக் கண்டு படத்தின் பெயரை எப்போதோ பிடித்துவைத்திருந்தார். கீழே "நிலமும் திருமணமும் பற்றிய ஈவிரக்கமற்ற சித்திரம்" என்று ஒரே ஒரு வரி. அது அவருக்குப் போதுமாக இருந்தது. பம்பாயில் ஒரு சங்கத்திடம் இங்கிலீஷ் எழுத்தோடு பிரதி இருந்தது. தருவித்துக் கொடுக்கும் வேலை என் தலையில்.

நான் சுங்கத்தை நம்பினேன். இருபது வருஷமாக என் பிராணனை வாங்கிய சுங்கம், இந்த ஒரு பெட்டியையாவது இரண்டு மாதம் வைத்துக்கொள்ளும் என்று உறுதியாக நம்பினேன். கதைச்சுருக்கம்கூட வேண்டுமென்றே ஒரே பிரதி எடுத்துப்போனேன். அங்கே புதிதாக வந்த ஒரு துரை என்னைப் பார்த்துப் புன்னகை செய்து, பத்து நிமிஷத்தில் முத்திரை குத்தி, பெட்டியை வண்டிவரை தூக்கிவரவும் ஆள் கொடுத்தார். வாழ்த்தவேண்டிய இடத்தில் நான் அவரை மனதாரச் சபித்தேன்.

ஆபீசில் பெட்டியைத் திறந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த பார்வதி, ஜன்னல் வெளிச்சத்தில் ரீலைப் பிடித்து எழுத்துகளைப் படித்துச் சொன்னாள். நாலாம் ரீலுக்கு வந்ததும் அவளே நிறுத்திவிட்டாள்.

"அப்பா, இவன் நல்லவன் இல்லை."

"என்ன போட்டிருக்கு?"

"கலியாணத்துக்கு முதல் பேரம் பேசுறான். 'இந்தப் பள்ளத்து வயல் ஆருக்கு வேணும்? மேட்டு நிலத்தையும் சேத்து எழுதும், இல்லாட்டி உம்மடை மகள் உம்மடை வீட்டிலையே இருக்கட்டும்' எண்டு சொல்லிக் கிழிக்கிறான். பிறகு எல்லாம் வாங்கிக்கொண்டுதான் கலியாணம் முடிக்கிறான். அப்பா, நல்லதம்பி மாமா இதையோ நல்ல படம் எண்டு சொல்லுறவர்?"

நிலம் போதவில்லை என்று கிழித்தான்! கடைசி ரீலில் அவன் தனியாக இருப்பது மனைவியின் நினைவால் அல்ல. அத்தனை நிலத்தையும் சேர்த்துவிட்டு, ஒருவரும் அண்டாத கிழவனாக உட்கார்ந்திருக்கிறான். கத்தரிக்கோலை எடுத்தேன். எதை வெட்டுவது? படம் முழுக்க அவன் பேராசைதான். கத்தரியை வைத்துவிட்டேன்.

எப்படியாவது முன்கூட்டிச் சொல்லிவிடவேண்டும் என்று செவ்வாய்க்கிழமை வெள்ளவத்தைக்குப் போனேன். அவர் நடுக்கூடத்தில் நின்று மனைவிக்குச் சொற்பொழிவை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். பதினேழு பக்கம். அந்த அம்மாள் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுத் தாழ்ந்த குரலில், "ரெண்டு மாசமா மனுசன் நல்ல சந்தோஷமா இருக்குது அண்ணை. நித்திரையும் வருகுது" என்றார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

கடைசியில் படம் காட்டிய அன்றைக்கே, மண்டபத்து வாசலில், கோட்டும் பூமாலையுமாக நின்றவரை ஓரமாக இழுத்தேன்.

"வே, கேளும். அந்தப் படம் நீரு நினைக்க மாதிரி இல்ல. நான் ரீலைப் பாத்தேன். அந்தச் சொற்பொழிவ இன்னிக்கு வேண்டாம். படம் முடிஞ்ச பிறகு பேசும்."

"நீரோ? நீர் ரீலைப் பாத்தீரோ?" சிரித்தார். சுற்றி நாலு பேர் நின்றார்கள். "ஐசே, பாம்பு கடிச்சவள் பாட்டுப் படிக்க அழுகிற ஆள் நீர். இது உமக்கு விளங்கிற சாமான் இல்லை. போய் இரும்."

அந்த நாலு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. கையைப் பிடித்து நிறுத்தி இன்னும் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லக் கடமைப்பட்டவன் நான் ஒருவன்தான். பட்டுத்தான் தெரியட்டும் என்று போய்ச் சொர்ணத்துக்கும் பார்வதிக்கும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். பத்து வருஷ எரிச்சலுக்குப் பழிவாங்க அந்த ஒரு நிமிஷத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டேன்.

7

ஒரு மணி நேரம் பேசினார். நன்றாகத்தான் பேசினார், அதையும் சொல்லிவிடவேண்டும். தாலி ஏறியபின் பத்திரம் கிழிகிற அந்த ஒழுங்கைப் பற்றி மட்டும் கால்மணி நேரம். வசனத்தைச் சொன்னபோது முன்வரிசையில் இருந்த அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு விளக்கை அணைத்தார்கள். படம் இந்தத் தடவை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று யோக்கியமாக ஓடியது. நான் திரையைப் பார்க்கவில்லை. இரண்டு வரிசைக்கு முன்னால் இருந்த நல்லதம்பியின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேசைமேல் பத்திரம் வந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாலிபன் கிழித்தான். எழுத்து வந்தது. அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் இங்கிலீஷ் படித்த கந்தோர்க்காரர்கள். முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு பத்துப் பேர்.

படம் முடிந்து விளக்குப் போட்டதும் யாரோ பின்னாலிருந்து, "மிஸ்டர் நல்லதம்பி பாத்தது வேறை படம் போலை!" என்றார். அவர் திரும்பவில்லை. நன்றியுரை சொல்ல இருந்தவர் அதை இரண்டு வரியில் முடித்துக்கொண்டார். சனம் கலைந்தது. நான் ரீல்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது நல்லதம்பி பக்கத்தில் வந்து நின்றார். மாலையைக் கழற்றி எங்கேயோ வைத்துவிட்டிருந்தார். வாசல் பக்கம் அவர் மனைவி. இந்தப் பக்கம் சொர்ணமும் பார்வதியும்.

"ரீலை மாத்திப் போட்டிட்டீரோ?" என்று கேட்டார். அப்படித்தான் இருக்கவேண்டும் என்று கெஞ்சுவதுபோல் கேட்டார்.

"இல்லவே. இன்னிக்குத்தான் சரியா ஓடிச்சு. அன்னிக்குத்தான் மாறிப்போச்சு."

"அண்டைக்கு எண்டால்?"

சொன்னேன். கூடாரம், கப்பல்காரன், தெரியாத பாஷை, ஐந்தாம் ரீல் எல்லாம் சொன்னேன். குழாயைப் பிடித்திருந்தவன் நான்தான் என்றேன். நடுவில் நிறுத்தாமல் கேட்டார். என் பேச்சை அவர் குறுக்கிடாமல் கேட்டது அந்தப் பத்து வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"அப்ப அந்த வசனம்?"

"என்னுதுதான்வே. வாயில வந்துச்சு, சொன்னேன். பாவி நான், அதை நம்பி ஒருத்தர் இப்படிச் செய்வார்னு கனவா கண்டேன்? உம்மகிட்ட எப்பவோ சொல்லியிருக்கணும். மன்னிச்சிரும்."

அவர் என்னைக் கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அடித்திருந்தால்கூட. என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். அவருக்கு அதில் ஏதோ ஒரு நம்பிக்கை பிறந்ததுபோல் இருந்தது. ஐரோப்பாவில் ஒரு பெரிய மனிதன் இல்லாவிட்டால் போகிறான், இங்கேயே ஒருவன் பக்கத்தில் இருந்திருக்கிறானே என்று நினைத்திருக்கவேண்டும். மெதுவாகக் கேட்டார்.

"நீர் எப்ப கலியாணம் முடிச்சனீர்?"

"கூடாரத்துல படம் காட்டினதுக்கு மறுவருஷம்."

"சீதனம் வாங்கினனீரோ?"

சொர்ணம் பக்கத்தில் நின்றாள். பொய் சொல்ல வழியில்லை. அவள் நின்றிராவிட்டால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

"வாங்கினேன்வே" என்றேன். "நகையில ரெண்டு பவுன் குறையுதுன்னு எங்க ஐயா முகூர்த்தத்த நிறுத்திவச்சார். நான் மணவறையில பேசாம உக்காந்திருந்தேன்."

நல்லதம்பி தலையாட்டினார். குடையை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டார்.

"அப்ப அந்தப் படத்தைப் பாத்தது நான் ஒருத்தன்தான்" என்று சொல்லிவிட்டு மனைவியோடு இறங்கிப் போனார்.

பெட்டியை மூடித் திரும்பினேன். சொர்ணம் என்னைப் பார்க்கவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தாள்.